கேட்டால் சொல்ல வேண்டியது

கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அந்தக் கம்பெனியில் வருஷத்துக்கு நாலு தடவை சொல்லிக்கொடுப்பார்கள். வெளிநாட்டில் பனியன் வாங்குகிற நிறுவனங்கள் ஆடிட்டரை அனுப்பும். வேலை செய்கிறவர்களுக்குச் சரியான சம்பளம் கொடுக்கிறார்களா, சரியான நேரத்துக்கு வீட்டுக்கு விடுகிறார்களா என்று அவர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் அடுத்த ஆர்டர் வரும். அதனால் ஆடிட்டுக்கு முந்தைய நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும், தமிழ்செல்வன் செக்கிங் மேஜைப் பக்கம் வந்து நிற்பான். ஆள் சேர்ப்பது, லீவுக் கணக்குப் பார்ப்பது, ஆடிட்டுக்குத் தயார் செய்வது எல்லாம் அவன் வேலை. அதட்டத் தெரியாத பையன்.

"அக்கா, நாந்தான் ஆடிட்டர்னு வெச்சுக்கோங்க. சம்பளம் எவ்வளவுங்க?"

"மாசம் நாலாயிரத்து எண்ணூறுங்க. ஓவர்டைம் பாத்தா ரெட்டைச் சம்பளம். பிஎஃப் புடிக்கிறாங்க, ஈஎஸ்ஐ புடிக்கிறாங்க. ஞாயித்துக்கெழமை லீவுங்க," என்று ஒப்பித்தாள் பாண்டியம்மாள்.

"ஆராச்சும் திட்டறாங்களா?"

"இல்லீங்க."

"சிரிக்காமச் சொல்லோணுங்க்கா."

சிரித்தது பாண்டியம்மாள் இல்லை, பக்கத்தில் நின்ற மயிலாள். "ஆடிட்டு அன்னைக்கு ஒரு நா மட்டும் நாமெல்லாம் பணக்காரிங்க. அந்த ஆடிட்டரத் தெனமும் வரச்சொல்லுங்க தம்பி, புண்ணியமாப் போகும்."

தமிழ்செல்வனும் சிரித்துவிட்டுப் போனான். பாண்டியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. மானாமதுரைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து ஒன்பது வருஷம். புருஷன் இறந்து ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் இதே மேஜையில்தான் நின்றுகொண்டு, துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு ஷிப்டுக்கு நூற்றுப் பத்து ரூபாய். மாதம் சுமாராக இரண்டாயிரத்து அறுநூறு வரும். ஆடிட்டருக்குச் சொல்கிற நாலாயிரத்து எண்ணூறை அவள் பொய் என்று நினைத்ததில்லை, நிஜம் என்றும் நினைத்ததில்லை. மேஜைக்கு மேலே சுவரில் எழுதியிருக்கும் 'பாதுகாப்பே முதன்மை' போல, அதுவும் கம்பெனிக்குச் சொந்தமான ஒரு வாசகம். துடைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஜூன் மாதத்து ஆடிட்டில் அவளை யாரும் கூப்பிடவில்லை. தலையில் தொப்பியும் வாயில் துணியும் கட்டிக்கொண்டு காலையிலிருந்து நின்றாள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் கையில் கோப்புடன் இரண்டு முறை அவள் மேஜையைக் கடந்து போனாள். இரண்டு முறையும் பாண்டியம்மாளுக்குப் பதில் நாக்கின் நுனிக்கு வந்தது. இரண்டு முறையும் அந்தப் பெண் வேறு யாரையோ கை காட்டினாள். மாலை ஐந்தரைக்கு மணி அடித்தபோது, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்தப் பதில் வாயிலேயே இருந்தது.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள் இருக்கும் காம்பவுண்டில் ஏழாவது வீடு. முகம்கூடக் கழுவவில்லை. வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். கழுத்தில் அட்டை, கையில் கோப்பு, பேனா.

"அறக்கட்டளையில இருந்து வர்றேனுங்க. பேரு தரணி. நாகஜோதி ஊடு இதுதானுங்களே?"

பனியன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் அறக்கட்டளை அது. மகள் நாகஜோதிக்கு முதல் வருஷம் முழுக் கட்டணத்தையும் கட்டியவர்கள். ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வருஷத்துக்குக் கொடுப்பார்கள், எந்த நாளும் வரலாம் என்று நாகஜோதி சொல்லியிருந்தாள். நாகஜோதி அப்போது கல்லூரியிலிருந்து வந்திருக்கவில்லை. அறக்கட்டளை என்ற சொல் தன் காதில் விழுந்ததா இல்லையா என்று பாண்டியம்மாள் பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். விழுந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கண் அட்டையையும் கோப்பையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்க பேருங்கம்மா?"

சொன்னாள்.

"எந்தக் கம்பெனிங்க?"

சொன்னாள். முதுகு தானாக நிமிர்ந்தது.

"சம்பளம் எவ்வளவு வருதுங்க?"

காலையிலிருந்து காத்துக்கிடந்த பதில் அப்படியே வெளியே வந்தது. நாலாயிரத்து எண்ணூறு. ரெட்டைச் சம்பளம். பிஎஃப், ஈஎஸ்ஐ, ஞாயிற்றுக்கிழமை. கேட்காத கேள்விக்கும் சேர்த்து, "யாரும் திட்டுறதில்லைங்க" என்றாள். தரணி நிமிர்ந்து பார்த்து, சிரித்து, எழுதிக்கொண்டாள். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அவள் சந்து திரும்பும்வரை பாண்டியம்மாள் வாசலில் நின்றாள். ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை என்ற நிம்மதிதான் அந்த நேரத்தில் அவளுக்கு இருந்தது.

கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. நாகஜோதி கதவில் சாய்ந்து நின்று சத்தமாகப் படித்தாள். மறு ஆய்வில் பெற்றோரின் மாத வருமானம் மூவாயிரத்து ஐந்நூறு என்ற வரம்புக்கு மேல் இருப்பது தெரியவந்ததால், 2009–10 கல்வியாண்டுக்கான உதவித்தொகை பதினெட்டாயிரத்திலிருந்து ஏழாயிரமாகக் குறைக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யலாம்.

படித்து முடித்தவள் கடிதத்தை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள்.

"அம்மா, அந்தக்காகிட்ட நீ என்னம்மா சொன்ன?"

"என்னத்தச் சொன்னேன். கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாங்களா?"

"கேட்டுச்சு."

"எவ்வளவு சொன்ன?"

பாண்டியம்மாள் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. கலங்கிய வெள்ளைத் தண்ணீர் தெளிந்துகொண்டு வருவதைப் பார்த்தபடியே இருந்தாள். பதிலைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆடிட்டுக்கு முந்தைய நாட்களில் அவள் அடுப்படியில் நின்று முணுமுணுப்பதைக் கேட்டே வளர்ந்தவள் நாகஜோதி.

இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. சண்டை என்றால் சத்தம் இருக்கும், சத்தம் ஓய்ந்தால் சமாதானமும் வரும். இது அப்படி இல்லை. நாகஜோதி காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது "வர்றேம்மா" என்றாள், வந்ததும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டாள். பக்கம் புரளவே இல்லை. பாக்கிப் பதினோராயிரத்தை ஜூலை கடைசிக்குள் கட்டாவிட்டால் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் அவள் எங்கே போவாள் என்பது இருவருக்கும் தெரியும். 'செக்கிங் பெண்கள் தேவை' என்ற தகரப் பலகை, ஆர்டர் குறைந்துபோன இந்த வருஷத்திலும், கம்பெனி கேட்டில் கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு காலையும் பாண்டியம்மாள் அதைப் பார்க்காமல் போகப் பழகியிருந்தாள். இப்போது அதில் மகள் பெயர் எழுதியிருப்பதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் நாகஜோதி மேல்முறையீடு எழுதினாள். நாலு முழுத்தாள் கிழித்துப்போட்டு, ஐந்தாவது தாளில் முடித்தாள். அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். "'எனது தாயார் கூறியது ஆடிட்டின்போது கூறுவதற்காகக் கம்பெனியில் பயிற்றுவிக்கப்பட்ட பதில் ஆகும். அவர் பொய் கூறவில்லை. மனப்பாடமாகக் கூறிவிட்டார்.'"

"கம்பெனின்னு எழுதாத தாயி."

"எழுதாம எப்படிம்மா புரியும்?"

"எழுதுனா எனக்கு மேஜை இருக்காது."

நாகஜோதி கம்பெனியின் பெயரை மட்டும் அடித்தாள். கடிதத்தோடு சம்பளச் சான்றும் இணைக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அதற்குத் தமிழ்செல்வனிடம்தான் போக வேண்டும்.

பாண்டியம்மாள் சொன்னதையெல்லாம் அவன் கேட்டான். கேட்டுவிட்டு மேஜையில் இருந்த பஞ்சிங் மெஷினை எடுத்து, வெறுமனே இரண்டு தடவை அழுத்தினான்.

"அக்கா, லெட்டர்பேடு எங்கிட்டத்தான் இருக்குது. சீலும் இருக்குது. எழுதித் தர எனக்கென்னுங்க? ஆனா எழுதுனா அந்த நாலாயிரத்து எண்ணூறத்தான் எழுதோணும்."

"வாங்குறத எழுத முடியாதாப்பு?"

"வாங்கறத எழுதுன காயிதம் ஒண்ணு இந்த ஊருக்குள்ள எங்கயாச்சும் இருந்துதுன்னா, அப்பறம் நானும் இருக்க மாட்டேன், நீங்களும் இருக்க மாட்டீங்க." குரலைத் தாழ்த்தினான். "என்ற சம்பளத்துக்கே ரெண்டு ரிஜிஸ்டர் இருக்குதுங்க்கா. எங்க ஊட்ல பொண்ணு பாக்கப் போனப்போ எதைச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சேன்."

அதற்கு அவளால் சிரிக்க முடிந்தது. சிரித்துவிட்டு மேஜைக்குத் திரும்பினாள். சான்று இல்லாமலே கடிதம் போனது. பத்தாம் நாள், நேரில் வரச்சொல்லி அறக்கட்டளைக் குழு கூப்பிட்டது.

அறக்கட்டளை அலுவலகம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு நூல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பாண்டியம்மாள் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். படியேறும்போதே கீழேயிருந்து நூல் கோன்களின் மெழுகு வாசனை கூடவே வந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கிட்டுசாமி, அறக்கட்டளைத் தலைவர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு செல்போன்கள். அவருக்கும் காங்கேயம் ரோட்டில் பனியன் கம்பெனி இருந்தது. இடப்பக்கம் சாமியப்பன், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வலப்பக்கம் தரணி. இன்றைக்கும் கழுத்தில் அட்டை. பாண்டியம்மாள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"உக்காருங்கம்மா," என்றார் கிட்டுசாமி. "உக்காரு கண்ணு. பரீட்சையெல்லாம் எப்படி எழுதியிருக்கற?"

"எழுபத்தெட்டு சதவீதமுங்க."

"நல்லதாப் போச்சு." கடிதத்தைப் பக்கத்தில் தள்ளிவைத்தார். கசங்கியிருந்ததைப் பார்த்தால் ஏற்கெனவே பலமுறை படித்த தாள் போலத்தான் இருந்தது. "ஏனுங்கம்மா, அன்னைக்கு இந்தப் புள்ளைகிட்ட நீங்க நாலாயிரத்து எண்ணூறுன்னு சொன்னது நெசந்தானுங்களா?"

"சொன்னது நெசமுங்க. வாங்குறது அது இல்லைங்க."

தரணி லேசாக முன்னால் நகர்ந்தாள். "நீங்களாத்தானுங்களேம்மா சொன்னீங்க? பிஎஃப் எல்லாம்கூடச் சொன்னீங்களே. நான் ஒண்ணும் வற்புறுத்தலீங்களே." அவள் குரலில் கோபம் இல்லை. தன் வேலையில் தப்பு நேர்ந்துவிட்டதோ என்ற பயம்தான் இருந்தது.

"நீ தப்பாக் கேக்கல தாயி. நல்லாத்தான் கேட்ட." பாண்டியம்மாள் சேலை முந்தானையின் ஓரத்தை மடித்தாள். "அது ஆடிட்டுக்குச் சொல்ற பதிலுங்க. அன்னைக்குக் காலையில ஆடிட்டு. என்னக் கூப்பிடல. வாயிலேயே இருந்துச்சு. இந்தப் பாப்பா அட்டை போட்டுக்கிட்டு வந்து கேக்கவும், வந்துருச்சுங்க."

"அதென்னம்மா ஆடிட்டுக்குச் சொல்ற பதில்?" என்றார் சாமியப்பன். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மின்விசிறி சுற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் தட்டியது. கீழே தெருவில் லாரி ஒன்று பின்வாங்கும் ஒலி நீண்டு கேட்டு ஓய்ந்தது. கிட்டுசாமியின் செல்போன்களில் ஒன்று பைக்குள்ளேயே நடுங்கியது. அவர் எடுக்கவில்லை. பாண்டியம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதைப் பார்த்தாள். அவர் கம்பெனியிலும் ஒரு தமிழ்செல்வன் மேஜைக்கு மேஜை போய் நிற்பான். அங்கேயும் ஒரு மயிலாள் சிரிப்பாள். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணை மேஜைமேல் இருந்த கடிதத்துக்கு இறக்கிக்கொண்டார்.

தரணி பேனாவைத் திறந்து கோப்பில் எழுதத் தொடங்கினாள்.

"அத எழுத வேண்டாங் கண்ணு," என்றார் கிட்டுசாமி.

தரணியின் கை நின்றது.

"ஏனுங்க, காரணம்னு எழுதோணுமில்லீங்க?" என்றார் சாமியப்பன்.

"எழுதலாமுங்க சார். வேற எழுதலாம்." கிட்டுசாமி பாண்டியம்மாளிடம் திரும்பினார். அவர் குரல் இப்போது இன்னும் மரியாதையாக இருந்தது. அதுவே அவளுக்குப் பயமாகவும் இருந்தது. "இந்தா பாருங்கம்மா. நீங்க சொல்றது நெசம். நான் இல்லீன்னு சொல்லல. ஆனா இந்தக் காரணம் இந்த ஃபைல்ல ஏறக் கூடாதுங்க. நாளைக்கு இத ஆரு எடுத்துப் பாப்பாங்கன்னு நமக்குத் தெரியாது. ஆர்டர் நின்னு போச்சுன்னா உங்களுக்கும் வேலையில்ல, எனக்கும் வேலையில்ல. அறக்கட்டளையே இருக்காதுங்க."

"அப்ப என்ன செய்யிறதுங்க?" நாகஜோதி கேட்டாள்.

"ஊரே டல்லாக் கெடக்குது கண்ணு. போன வருசத்துல இருந்து ஆர்டர் இல்ல, ஷிப்ட் இல்ல. அம்மாவுக்கு ரெண்டு மூணு மாசமா ஷிப்ட் கொறஞ்சு போச்சு, சம்பளம் எறங்கிப் போச்சுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. இன்னைக்கே குடு. முழுத் தொகைக்கும் நான் கையெழுத்துப் போடறேன்."

"எங்க கம்பெனியில ஷிப்ட் கொறையலைங்களே," என்றாள் பாண்டியம்மாள்.

"கொறஞ்சுதுன்னு எழுதுங்கம்மா."

நாகஜோதியின் முகம் சிவந்தது. "அப்படி எழுதுனா, அதுக்கு முன்னாடி எங்கம்மா அந்தச் சம்பளத்தை வாங்குனாங்கன்னு ஆயிருமுங்களே? அத வாங்கவே இல்லீங்க. ஒரு மாசங்கூட வாங்குனதில்லீங்க."

கிட்டுசாமி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். நேரம் எடுத்துக்கொண்டு துடைத்தார்.

"ஆயிட்டுப் போகுது கண்ணு," என்றார்.

சாமியப்பன் ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். அவருக்கும் புரிந்துவிட்டதுபோல் இருந்தது.

மாடிப்படியில், கீழிருந்து மூன்றாவது படியில் உட்கார்ந்து நாகஜோதி எழுதினாள். முதல் வரிக்கே வெகுநேரம் ஆனது. பேனா முனையைத் தாளில் வைத்து எடுத்துக்கொண்டே இருந்தாள். பாண்டியம்மாள் ஒரு படி மேலே உட்கார்ந்து மகளின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்பன் ஓரம் பிரிந்திருந்தது. கண் முதலில் அங்கேதான் போனது. நாள் முழுக்கத் தப்பு தேடுகிற கண்.

"நான் எழுத மாட்டேம்மா. வேண்டாம். படிச்சது போதும்."

நூல் கடையிலிருந்து யாரோ வெளியே வந்து, இவர்களைத் தாண்டித் தெருவுக்குப் போனார்கள். திரும்பி வந்தார்கள்.

"நான் ஆறு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்," என்றாள் பாண்டியம்மாள் கடைசியில். "நீ ஒருக்கா எழுது."

நாகஜோதி எழுதினாள். எழுதி முடித்ததும் பாண்டியம்மாள் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து எப்போதும்போல் கோணலாக, வரியை விட்டுக் கீழே இறங்கியது. கடிதத்தை மேலே கொண்டுபோய்க் கொடுத்தபோது தரணி வாங்கிக்கொண்டு, கூட ஓர் எட்டு வெளியே வந்தாள்.

"அம்மா, புதன்கெழமை மறுபடி உங்க ஊட்டுக்கு வருவேனுங்க. நேர்ல வந்து விசாரிச்சேன்னு எழுதோணும். அதுதான் ரூல்ஸுங்க." தயங்கினாள். கழுத்து அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சம்பளம் கேப்பேன். இப்ப வாங்கறத மட்டும் சொல்லுங்க. போதுமுங்க."

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. மூன்று மணி வெயில். நிழல் விழும் அரை அடி இடத்தில் இருவரும் ஒட்டி நின்றார்கள். பணம் கிடைத்துவிடும். கிட்டுசாமி வார்த்தை தவற மாட்டார் என்று ஏனோ பாண்டியம்மாளுக்குத் தோன்றியது. அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சந்தோஷம் வர வேண்டிய இடத்தில், இரட்டை ஷிப்ட் முடித்த மறுநாள் காலையில் காலில் இருக்கும் மரமரப்புதான் இருந்தது.

"செவ்வாக்கெழமை உனக்கு ஆடிட்டுன்னு சொன்னியே?" என்றாள் நாகஜோதி.

"ஆமா. இது வேற பையராம், துணி வாங்குற வேற கம்பெனி."

"செவ்வாய் ஆடிட்டு. புதன் அந்தக்கா."

"ம்."

"கொழப்பிறாதம்மா."

பாண்டியம்மாள் தலையை ஆட்டினாள். அவிநாசி பஸ் ஒன்று வந்து நின்று, யாரும் ஏறாமல் போயிற்று. அது கிளப்பிய புழுதி அடங்கும்வரை நாகஜோதி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையில் இருந்த நோட்டைக் கோப்புபோல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். பேனாவை எடுத்தாள். எதிரே வந்து நின்றாள்.

"சம்பளம் எவ்வளவு வருதுங்கம்மா?"

"மாசம் நாலா…"

பாண்டியம்மாள் நிறுத்தினாள். நாகஜோதி சிரிக்கவில்லை. அதட்டவும் இல்லை. பேனாவைத் தாளில் வைத்தபடி காத்திருந்தாள். திரும்பவும் கேட்டாள். "சம்பளம் எவ்வளவுங்க?"

"ரெண்டாயிரத்து அறுநூறுங்க."

முணுமுணுப்பாகத்தான் வந்தது. சொல்லும்போது பாண்டியம்மாளின் கண் தரைக்குப் போனது. கை முந்தானையைத் தேடியது. நாலாயிரத்து எண்ணூறு சொல்லும்போது நிமிர்கிற முதுகு இதற்கு நிமிரவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா. பொய் சொல்ற மாதிரியே இருக்கு."

அவள் மகளைப் பார்த்தாள். பல்லடம் பஸ் தூரத்தில் திருப்பத்தில் தெரிந்தது. நெரிசலில் சிக்கி, அது இங்கே வந்து சேர இன்னும் நேரம் ஆகும்.

"இன்னொருக்காக் கேளு," என்றாள்.